எதிரணியின் பேருந்து

எங்கள் ஊருக்குள் நுழைய ஒரே சாலைதான். சந்தையைத் தாண்டி அது வளைகிற இடத்தில் நகராட்சிக்காரர்கள் பெரிய வேகத்தடை ஒன்று போட்டிருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட கொம்பன் ஓட்டி வந்தாலும் அங்கே வண்டி ஊர்ந்துதான் ஆகவேண்டும். மாநிலக் கால்பந்து லீக் தொடங்கிவிட்டால், உள்ளூரில் ஆட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் நாங்கள் அந்த வளைவில் நிற்போம், ஆளுக்கொரு கூடை அழுகின மாம்பழத்தோடு. வெளியூர் அணியின் பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்குவதற்குள் அதன் முன்கண்ணாடி மஞ்சளாகிவிட வேண்டும். காய் எறியக்கூடாது, கண்ணாடி உடையும். கல்லைத் தொடவே கூடாது. பழம் மட்டும்தான். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்கள் நாங்கள்.

என் பெயர் ஜோசிக்ளெய்டே. க்ளெய்டே என்றால்தான் ஊரில் தெரியும். எங்கள் ஊர் ரியாச்சோ அணியின் கோல்கீப்பர் வால்டெனிரின் மனைவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை.

எங்கள் பாராயிபா மாநில லீக் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடிந்துவிடும். பத்து அணிகள். கடைசியில் வருகிற இரண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். தலைநகரத்துப் பெரிய அணிகளுக்கு இது உடம்பைச் சூடேற்றிக்கொள்கிற ஆட்டம், அவ்வளவுதான். எங்களுக்கு வருஷமே இதுதான். லீக் முடிந்ததும் எங்கள் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமும் முடிந்துவிடும். முன்வரிசைக்காரன் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றப் போவான், இடது பக்கம் ஆடுகிறவன் முடிவெட்டப் போவான், என் புருஷன் செங்கல் சூளைக்குப் போவார். அடுத்த ஜனவரி எப்போது வரும் என்று மூவரும் காத்திருப்பார்கள்.

நான் சொல்லப்போகிற அந்த வருஷம் நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன், அணியோ பட்டியலின் அடியில் கிடந்தது. கார்னிவல் திருவிழா வருவதற்குள் தோல்விக்கு மேல் தோல்வி. ஒருநாள் வால்டெனிர் சோளப் புட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன, புட்டு முறைக்குதா?” என்றேன்.

“க்ளெய்டே, அணி கீழ போச்சுன்னா நம்ம கிளப்பு அடுத்த வருஷம் ஆளே எடுக்காது. எனக்கும் வயசாகுது. கிளவுஸ ஆணியில மாட்டிட்டு சாவோ பாவ்லோவுக்கு பஸ் ஏறிடறேன். அண்ணன் கட்டட வேலைக்கு வாடா வாடான்னு நச்சரிக்கிறான்.”

“நானும் பிள்ளையும்?”

“மாசா மாசம் அனுப்பறேன். லீவு கிடைச்சா வரேன்.”

என் அப்பாவும் இப்படித்தான் சாவோ பாவ்லோவுக்குப் பஸ் ஏறினார். முதலில் கிறிஸ்துமஸுக்கு வந்தார். பிறகு தொலைபேசியில் வந்தார். பிறகு வரவே இல்லை. என் பிள்ளைக்கு அந்தக் கதி கூடாது என்று சுகப்பிரசவ மாதாவிடம் அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். “பிரசவத்த நான் பாத்துக்கறேன் தாயே, நீ அணியப் பாத்துக்க” என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

அந்த லீக்கில் எங்களைக் கவிழ்த்தது எதிரணி மட்டும் இல்லை. எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் அதெர்பாலும்தான்.

விதி என்னவென்றால், மைதானத்தில் ஆம்புலன்ஸ் நின்றால்தான் ஆட்டம். அது யாரையாவது ஏற்றிக்கொண்டு வெளியே போனால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். கொடுத்த நேரத்துக்குள் வேறு ஆம்புலன்ஸ் வரவில்லை என்றால் வெற்றி வெளியூர் அணிக்கு. எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் இரண்டு. ஒன்று ஓடும், இன்னொன்று எப்போதும் மெக்கானிக்கிடம் இருக்கும். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஒரு கோல் முன்னிலையில் ஆனந்தமாக ஆடிக்கொண்டிருக்கிறோம், அதெர்பால் தொப்பிகூடப் போடாமல் வெயிலில் நின்று பொத்தென்று விழுந்தார். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஆட்டம் நின்றது. நின்றது நின்றதுதான். சாயங்காலம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு புதுமாப்பிள்ளை கணக்காக அவர் திரும்பி வந்தபோது, எங்கள் புள்ளிகள் தலைநகருக்குப் பயணமாகிவிட்டன.

அதிலிருந்து அவர் ‘ஆட்டத்தக் கவுத்த அதெர்பால்’. தலைவலி மாத்திரை வாங்கப் போகிறவர்கள்கூட “விழுந்துடாம எடுத்துக் குடுங்க” என்பார்கள். பாதிரியாரே பூசை முடிவில், “ஞாயிறு மாலை நம்மில் எவரும் நோயுறாதிருக்க மன்றாடுவோம்” என்றார். சிரித்தோம், ஆனால் மன்றாடினோம். ஆட்ட நேரத்தில் நோய்வாய்ப்படுகிறவன் துரோகி என்பது ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டது.

கடைசி ஆட்டம் ஃபாரோல் அணியோடு. தலைநகர்க்காரர்கள். நீலச் சட்டை, நெஞ்சில் கலங்கரை விளக்கம். அவர்களுக்கு வெற்றி வேண்டும், வென்றால் அரையிறுதி. எங்களுக்கு ஒரு டிரா போதும். டிரா என்றால் அணி மேல் பிரிவில் தங்கும், என் புருஷன் என் வீட்டில் தங்குவார். தோற்றால் இரண்டும் போகும். எனக்கு அந்த ஆட்டம் அவ்வளவு எளிமையாகத்தான் இருந்தது.

அன்று விடியும்போதே இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. வால்டெனிர் அணியோடு சத்திரத்தில் தங்கியிருந்தார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. வாயுப் பிடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு லிந்தால்வா அங்கே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

ஃபாரோல் பேருந்து வந்தது. நீல நிறத்தில் அரண்மனை அசைந்து வருவதுபோல் வந்தது, பக்கவாட்டில் ஒரு கலங்கரை விளக்கம் வரைந்திருந்தது. வேகத்தடையில் அது மூச்சு வாங்கியபோது நான் எறிந்தேன். என் பழம் சரியாக ஓட்டுநரின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் அப்பிக்கொண்டது. அந்த ஆள் வைப்பரைப் போட்டார். பழம் இன்னும் நன்றாகப் பரவியது. ஜன்னலை இறக்கி வெளியே தலையை நீட்டினார். நரைத்த மீசை.

“தாயே, குறி நல்லா இருக்கு! உங்க கோல்கீப்பருக்கு பதிலா உன்னையே எறக்கலாம் போல!”

“அந்த கோல்கீப்பர் என் புருஷன்டா, கெழட்டுக் கழுத! இன்னிக்கு உங்காளு ஒருத்தனும் அவரத் தாண்ட மாட்டான்!”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். “ஓ, ரெண்டு பேரு சேந்து எறிஞ்சீங்களா? அதான பாத்தேன், ஒத்த ஆளு எறிஞ்சா இவ்ளோ வேகம் வராதேன்னு!”

லிந்தால்வா உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! இன்னொரு பழத்தை எடுப்பதற்குள் ஜன்னல் ஏறிவிட்டது. அந்தக் கோபத்தில் இடுப்புப் பிடிப்பு மறுபடி வந்தது. இந்த முறை அது வாயு இல்லை என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் என்னிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போய்? பிரசவ ஆஸ்பத்திரி அடுத்த டவுனில். நடுவில் ஆறு. மழைக்காலத்தில் அங்கே பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும், கார்கள் இறங்கினால் மிதக்கும். ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடவேண்டும். அந்த ஆம்புலன்ஸ் மைதானத்தில் நிற்கிறது. முதல் பிள்ளை மெதுவாகத்தான் வரும், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். கூடவே மைதானத்தில் இருந்தால் விசில் ஊதின மறுநிமிஷம் ஆம்புலன்ஸில் ஏறிவிடலாம். எங்கள் ஊர்க்காரிக்கு இதைவிட நல்ல யோசனை எப்படி வரும்?

முதல் பாதியில் மழை பெய்தது. நனைந்த சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, வலி வரும்போதெல்லாம் லிந்தால்வாவின் கையைப் பிடித்தேன்.

“என்னடி, மூஞ்சி இப்படிக் கோணுது?”

“அந்த ரெஃப்ரி மூஞ்சியப் பாத்தா உனக்குக் கோணலையா?”

“அதுக்கு ஏன் என் விரல ஒடைக்கிற?”

வால்டெனிர் அன்றைக்கு ஆடினாரே ஓர் ஆட்டம்! சேற்றில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஃபாரோல்காரர்கள் அடித்ததெல்லாம் அவர் கையில், முழங்காலில், ஒன்று முகத்தில். எனக்கு ஒரு வலி, அவருக்கு ஒரு பந்து, மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தோம். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துபோட்டு அதன் ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாதி பாதியைத் தாண்டியபோது எனக்குப் பனிக்குடம் உடைந்தது.

கீழ்ப்படியில்தான் அதெர்பால் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரிக்குப் பிறகு மனுஷர் தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் குடை, கழுத்தில் ஈரத்துண்டு, பையில் உப்பு, சர்க்கரை எல்லாம் வைத்துக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். திரும்பிப் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“க்ளெய்டே... பனிக்கொடம் ஒடஞ்சிருச்சாம்மா?”

“மழத் தண்ணிண்ணே.”

“மழ எப்பவோ நின்னுபோச்சு.”

“அண்ணே, வாயத் தொறந்தீங்க, இங்கயே கொன்னுபோடுவேன். அப்புறம் உங்கள ஏத்திக்கிட்டு ஆம்புலன்ஸ் போகும், ஆட்டம் நின்னுடும். திரும்பவும் உங்க பேருதான் கெடும், பாத்துக்கங்க.”

அவர் குடையை மடக்கினார். “ஆட்டத்த நிறுத்தினவன்ற பேரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது உனக்கு வேணாம். ஆனா புள்ள வேணும்ல? அசையாத. இதோ வரேன்.”

அந்த மனுஷர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மைதானச் சுவருக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும். டிக்கெட் வாங்காதவர்கள் அதன் மேல் ஏறி நின்று ஆட்டம் பார்ப்பார்கள். முதலில் அங்கே போய்க் கெஞ்சியிருக்கிறார். ஒரு லாரிக்காரர், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலே, “பத்து நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லுங்க அண்ணே” என்றாராம். எங்கள் ஊர்க்காரர் வேறென்ன சொல்வார்! அப்புறம்தான் ஆலமரமாக நின்ற நீலப் பேருந்து அதெர்பாலின் கண்ணில் பட்டிருக்கிறது. உயரமான சக்கரம். ஆற்றை அலட்சியமாகத் தாண்டும்.

அவரும் லிந்தால்வாவும் என்னைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்தபோது, அந்த நரைமீசைக்காரர் ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே நின்று, ரேடியோவைக் காதில் வைத்து ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் ஜுரந்திர். என்னைக் கண்டதும் கண் விரிந்தது.

“அட, மாம்பழக்காரி!”

நான் பதில் சொல்கிற நிலையில் இல்லை. அது என் வாழ்க்கையில் அபூர்வம்.

அதற்குள் ஃபாரோல் அணியின் நிர்வாகி ஒருவர் கேட்டிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் சேற்றில் வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்த புண்ணியவான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தேனாகச் சிரித்தார்.

“எதுக்கும்மா எங்க பஸ்ஸு? அதோ ஆம்புலன்ஸ் நிக்குதே, இதுக்குத்தான நிக்குது? அதுல போங்க. உடம்புதான முக்கியம்!”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்கு எரிந்தது. ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டினால் அவர் அணி அரையிறுதியில், என் புருஷன் சாவோ பாவ்லோ பஸ்ஸில். அந்தச் சிரிப்புக்குள் அது இருந்தது.

ஜுரந்திர் ரேடியோவைச் சட்டைப்பையில் போட்டார். “ஏறும்மா.”

“ஜுரந்திர்! அணியோட பஸ்ஸ எங்க எடுத்துட்டுப் போற?”

“பஸ்ஸு என்னோடது சார். நீங்க வாடகைக்கு எடுத்திருக்கீங்க. ஆட்டம் முடியறவரைக்கும் நீங்க எங்கயும் போகப்போறதில்ல.”

“இத எடுத்தேன்னா அடுத்த வருஷம் எங்களுக்கு நீ ஓட்ட மாட்ட. யோசிச்சுக்க.”

ஜுரந்திர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னார்: “பொறந்ததுலேர்ந்து ஃபாரோல்காரன் சார் நான். எங்கப்பனும் அப்படித்தான். இன்னிக்கு ஜெயிக்கணும்னு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன். ஆனா இந்தப் பொண்ணு வயித்தால ஜெயிக்க வேணாம்.”

சொல்லிவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து, திறந்திருந்த கேட் வழியாக மைதானத்தைப் பார்த்து ஒரு விசில் அடித்தார். ஃபாரோல் பெஞ்சிலிருந்து அவர்கள் டாக்டர் எவரிஸ்டோ எட்டிப் பார்த்தார். சைகையிலேயே வயிற்றை வரைந்து காட்டினார் ஜுரந்திர். டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் செருப்புக்காரர் வாயைத் திறந்தபோது, “நம்ம பசங்களுக்குக் கெண்டைக்கால் புடிச்சா அவங்க டாக்டர் பாப்பாரு” என்று சொல்லியபடியே டாக்டர் படியேறினார்.

பேருந்து கிளம்பியது. பின்னிருக்கையில் லிந்தால்வா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முன்கண்ணாடியில் காலையில் நான் எறிந்த பழம் அத்தனை மழையிலும் கரையாமல் படலமாகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஜுரந்திர் கழுத்தை வளைத்து, அதற்குக் கீழே தெரிந்த இடுக்கு வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

“உன் பழம்தான் தாயே மறைக்குது! ஆத்துல எறங்கினோம்னா நீதான் பொறுப்பு!”

“பேசாம ரோட்டப் பாத்து ஓட்டுடா கெழவா!” என்று அலறினேன்.

“இப்பதான் நல்லா இருக்கா” என்றார் டாக்டர்.

ஆற்றைத் தாண்டினோம். தண்ணீர் படிக்கட்டுவரை வந்து போயிற்று. வீடு, வாசல், மாதா கோவில் என்று டாக்டர் ஏதேதோ கேட்டு என்னைப் பேசவைத்துக்கொண்டே இருந்தார். பேருந்து ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, தலைநகரத்து நிலையம். அந்த அறிவிப்பாளனுக்கு ஃபாரோல் தவிர உலகத்தில் வேறு அணி கிடையாது. என் புருஷன் பெயரைக்கூட அவன் சரியாகச் சொல்லவில்லை. திடீரென்று கத்தினான்.

“பெனால்டி! பெனால்டி ஃபாரோலுக்கு! கடைசி நிமிஷத்துல பெனால்டி! ஆண்டவனும் நீலச் சட்டைதான் போட்டிருக்காரு!”

எனக்கு வலி உச்சத்தில் இருந்தது, ஆனால் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். டாக்டர் நியாயமாக “தள்ளு” என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அவரும் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷர்தானே. ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஜுரந்திரின் மீசை நடுங்குவது தெரிந்தது. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தவர்.

ரேடியோ மௌனமானது. அப்புறம் அந்த அறிவிப்பாளன், பக்கத்து வீட்டில் எழவு விழுந்த குரலில் சொன்னான்: “பிடிச்சுட்டான்... கடவுளே... அந்தப் பாழாப்போன கோல்கீப்பர் பிடிச்சுட்டான்...”

நான் போட்ட சத்தத்தில் லிந்தால்வாவும் சேர்ந்து கத்திவிட்டாள்.

“அந்தக் கத்தல வீணாக்காத!” என்றார் டாக்டர். “அப்படியே தள்ளு, தள்ளு!”

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்து நின்றபோது என் மகள் வெளியே வந்தாள். துடைத்துச் சுற்றத் துணி இல்லை. மேலே சாமான் தட்டில் ஆட்டக்காரர்களின் மாற்றுச் சட்டைகள் இருந்தன, தோய்த்து மடித்து. டாக்டர் ஒன்றை உருவினார். நீலம். நெஞ்சில் கலங்கரை விளக்கம்.

“ஐயோ, வேற துணியே இல்லையா?” என்றேன்.

“இந்த நேரத்துலயும் கலர் பாக்கறா பாரு!” என்று லிந்தால்வா அழுதுகொண்டே சிரித்தாள்.

என் புருஷன் ஃபாரோலைத் தடுத்து நிறுத்திய அதே சாயங்காலம், என் மகள் ஃபாரோல் சட்டைக்குள் கைகால் உதைத்துக்கொண்டிருந்தாள். ஜுரந்திர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பவில்லை. ரேடியோவில் கடைசி விசில் கேட்டதும் அதை அணைத்தார்.

“முடிஞ்சுது தாயே. சைபருக்கு சைபர். தப்பிச்சீங்க.”

தன் அணி அரையிறுதியைக் கோட்டைவிட்ட செய்தியை எனக்கு நல்ல செய்தியாகச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! “உங்களுக்கு நான் எப்படி...” என்று ஆரம்பித்தேன்.

“உன் புருஷன் நல்லாத்தான் புடிச்சான், சனியன்” என்றார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துத் தன் அணியை ஏற்றிவர எங்கள் ஊருக்குத் திரும்பினார். அதுவரை காத்திருந்த ஃபாரோல் பையன்களுக்கு எங்கள் பெண்கள் ஆட்டுக்கறியும் மரவள்ளியும் போட்டு, வயிறு வெடிக்கும் அளவுக்குச் சாப்பிடவைத்தார்களாம். காலையில் பழம் எறிந்த அதே கைகள்.

வால்டெனிர் ஒரு லாரியில் ஆடுகளோடு நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார், சேறு காயாத கோல்கீப்பர் உடையில். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதார். சாவோ பாவ்லோ என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை. மகளுக்கு ஜந்திரா என்று பெயர் வைத்தோம். ஜுரந்திருக்கு அவ்வளவு பக்கத்தில்தான் ஒரு பெண் பெயர் கிடைத்தது.

வெள்ளைச் செருப்புக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வருஷக் கடைசியில் செய்தி வந்தது, ஃபாரோல் வேறு பேருந்து பேசிவிட்டார்கள் என்று. அதெர்பால்தான் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னார். வால்டெனிர் அன்றே ஜுரந்திருக்காகப் பேசக் கிளப்புக்குப் போனார். நானும் போனேன், நான் போனால் முடிவு சீக்கிரம் வரும். அதுவரை எங்கள் அணி பள்ளிக்கூட வண்டியில் இடுக்கிக்கொண்டு போய்வந்தது. ஜனவரியில் ஜுரந்திர் தன் நீலப் பேருந்தோடு எங்களுக்கு வந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“வெளக்குக் கோபுரத்த அழிக்க மாட்டேன். வேணும்னா பக்கத்துல உங்க அணிச் சின்னம் அந்த ஆட்டுத்தலைய வரஞ்சுக்கங்க.”

வரைந்துகொண்டோம். கலங்கரை விளக்கத்தை முட்டப்போகிற ஆடு. மாநிலமே சிரித்தது.

அந்த லீக்கில் ஃபாரோல் எங்கள் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜுரந்திர் காலையிலேயே வளைவுக்கு வந்துவிட்டார். வேறு ஒருவர் ஓட்டிய பேருந்து வேகத்தடையில் ஏறியது. பழம் மழையாகப் பொழிந்தது. நானும் எறிந்தேன், எறியாமல்? லிந்தால்வா ஒரு பழத்தை ஜுரந்திர் கையில் வைத்தாள். அவர் அதை உருட்டிக்கொண்டே நின்றார். ஜன்னல்களில் நீலச் சட்டைப் பையன்கள் அவரைக் கண்டு கையசைத்தார்கள். எவரிஸ்டோ டாக்டர் எழுந்து நின்று கும்பிட்டார். ஜுரந்திர் தொப்பியைக் கழற்றி, பேருந்து மறையும்வரை நெஞ்சில் வைத்திருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

மைதானத்துக்குள் நான் நுழைந்தபோது எங்கள் பக்கப் படிகளில் பேச்சு நின்றது. ரியாச்சோ கோல்கீப்பரின் மகள் ஜந்திரா என் இடுப்பில் இருந்தாள், ஃபாரோல் சட்டையில். பாதம் வரைக்கும் தொங்கிற்று. துவைத்து இஸ்திரி போட்டிருந்தேன்.

“என்ன க்ளெய்டே இது?” என்று மேலே இருந்து யாரோ ஒருவர் கேட்டார்.

“எம்பொண்ணு உடுத்தின மொதத் துணி. யாருக்காச்சும் எதாச்சும் சொல்லணுமா?”

யாருக்கும் இல்லை. ஜுரந்திர் ஓரமாக உட்கார்ந்திருந்த படிக்குப் போய், பிள்ளையை அவர் மடியில் வைத்தேன். சட்டையைப் பார்த்தார். அதன் மேலிருந்த விளக்கை விரலால் ஒருமுறை தடவினார். “இப்படியா பண்ணுவ, பைத்தியக்காரி” என்றார்.

இரண்டாம் பாதியில் ஃபாரோல் கோல் போட்டது. எங்கள் பக்கம் எல்லாரும் தலையில் கை வைத்தோம். ஜுரந்திர் பாதி எழுந்து, சட்டென்று உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முன்படியிலிருந்து அதெர்பால் திரும்பினார், தொப்பி, குடை, ஈரத்துண்டு எல்லாவற்றோடும்.

“கத்துங்க அண்ணே.”

“இங்கயா?”

“இங்கதான். யாரு என்ன சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்.”

ஜுரந்திர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்று, மூச்சு முடியும்வரை “கோ...ல்!” என்று கத்தினார். எங்கள் படிகளில் எதிரணிக்காக ஒரு குரல் அப்படி எழுந்தது அதுவே முதல் தடவை. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஜந்திரா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

கீழே வால்டெனிர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒற்றைக் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். மகளைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், அவளைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தார். கோல் வாங்கின கோல்கீப்பர், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளவுஸ் போட்ட கையை அவருக்காக உயர்த்தினார்.

நான் எங்கள் பின்வரிசைக்காரனைத் திட்டிக்கொண்டே அழுதேன்.